இன்றைக்கும் இந்தக் குழாய் வேண்டுமா

பிப்ரவரி 9

சிட்டு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பிரித்துப் படித்துவிட்டுத் தையல் மெஷினுக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். குனியும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. அதனால் எழுதித் தொலைக்கிறேன்.

போன் கெட்டுப்போகவில்லை. நான்தான் எடுப்பதில்லை. உன் பெயர் அதில் தெரிந்தால் கை தானாகப் போகிறது, அப்புறம் தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. எடுத்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்குப் பேசினது போதும். எழுதுவதில் ஒரு வசதி, பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். கீழே ஏற்கெனவே நிறையத் தாள் கிடக்கிறது. இனிமேல் போன் செய்யாதே, எழுது. நான் ஐந்தாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் ஐ.சி.யூவில் கழுத்துக் குழாய் போடுவதற்குப் புது முறை கொண்டுவருகிறார்கள், அதைச் சொல்லிக்கொடுக்க நர்ஸ்களில் உன்னைப் போட்டிருக்கிறார்கள். டாக்டர், நர்ஸ் எல்லாரும் கூடுகிற கூட்டத்தில் உன் அத்தானுக்கு நடந்ததை நீ எழுந்து சொல்ல வேண்டும். அதற்கு நான் சரி என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதானே?

மாட்டேன்.

அவர் என்ன, பாடப் புத்தகமா? லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன். உயரமான கட்டடத்தின் இருட்டுக் கூண்டுக்குள்ளே ஒரு கயிற்றை நம்பித் தொங்கிக்கொண்டு, மேலே நிற்கிறவனிடம் டீ சொல்லியாச்சா என்று கேட்கிற ஆள். அந்தக் கூட்டத்தில் இது யாருக்குத் தெரியும்? மூணாம் பெட் என்றுதான் தெரியும். 'மூணாம் பெட்டுக்கு யார் வந்திருக்கீங்க?' என்று அங்கே என்னைக் கூப்பிட்டபோது அவரே கண்ணைத் திறந்து, 'போடி, மூணாம் பெட்டு சம்சாரம், உன்னைத்தான்' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்தது உனக்கும் எனக்கும் உள்ளது. அவர் போனதும் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, 'குடல் ஆபரேஷன் பெரிசும்மா, உடம்பு தாங்கலை' என்றார். அழுதேன், ஆனால் அதை வாங்கிக்கொண்டேன். துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள், அதையும் வாங்கிக்கொண்டேன். எல்லாரும் போன பிறகு, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, நீ வந்து பக்கத்தில் நின்றாய். 'அக்கா, ஆபரேஷனால போகலை. அது நல்லா ஆயிடுச்சு. குழாய் வழியா ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. வராம தடுத்திருக்கலாம்' என்றாய். யார் கையால் என்று கேட்டேன். 'தெரியாதுக்கா, அதை எத்தனையோ பேர் தொட்டோம்' என்றாய்.

விதி என்றால் அழுதுவிட்டுப் படுத்துவிடலாம். கை என்றால் யார் கை என்று தேட வேண்டும். அங்கே பார்த்த முகம் ஒவ்வொன்றையும் நினைப்பில் கொண்டுவந்து, கையைக் காட்டு, கையைக் காட்டு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வேலையை என்னிடம் கொடுத்தவள் நீ. அதனால்தான் வெளியே போ என்றேன். அதை நான் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

கவரின் மேல் உன் எழுத்தைப் பார்த்ததும் டியூட்டி அறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே திட்டுத்தான் இருக்கும் என்று தெரியும். திட்டாவது வந்ததே என்றுதான் பிரித்தேன்.

நீ சொன்னதற்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. சின்ன வயதில் டம்ளரை உடைத்தால்கூட அம்மாவிடம் போகாமல் உன்னிடம்தான் ஓடி வருவேன். அன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். ஆனால் நேரம் தப்பு. துக்க வீட்டில், கையில் ஈரத்தோடு நின்றவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. அந்த நேரத்துக்காக என்னை மன்னித்துவிடு. சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். பெரிய டாக்டர் சொன்னதை நீ நம்பியிருந்தால் நான் உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பொய் சொன்னவளாக இருந்திருப்பேன்.

கூட்டத்தைப் பற்றி: நீ மாட்டேன் என்றால் நான் அத்தானைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன். அதில் மாற்றமில்லை.

ஆனால் இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். பெரிய சிஸ்டரிடம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் போக வேண்டும். போனால் சில வருஷங்களுக்குத் திரும்ப விடமாட்டார்கள்.

மிரட்டுவதற்காக எழுதவில்லை. என் நிலைமை இதுதான்: புது முறையை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறேன். யாராவது ஒருவர், 'இத்தனை வருஷமா இதெல்லாம் இல்லாமத்தானே போட்டோம், இப்ப எதுக்கு?' என்று கேட்பார். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் அத்தான். அந்தப் பதிலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு நின்றால் மற்றது எதுவும் வெளியே வரமாட்டேன் என்கிறது. மூணாம் பெட் பக்கம் போக வேண்டியிருந்தால் என் கால் சுற்றிக்கொண்டு போகிறது. சொல்லவும் முடியாமல், சொல்லாமலும் இருக்க முடியாமல் இந்த இடத்தில் இருப்பதைவிட வேறு எங்கேயாவது போய் வயசானவர்களுக்குத் தலை வாரிவிடலாம் என்று தோன்றிவிட்டது.

சாப்பிடுகிறாயா? கேட்டால் கோபம் வரும். இருந்தாலும் கேட்கிறேன்.

சிட்டு


மார்ச் 3

சிட்டு,

தாராளமாகப் போ என்று எழுதிவிட்டு வேலைக்குப் போனேன். அந்தத் தாளும் இப்போது கீழேதான் கிடக்கிறது. என்ன நடந்தது என்றால், சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் பட்டன் தைக்கிறவள் உட்கார்ந்திருப்பாளே, வாயாடி, அவள் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

'என்னடி இது, காஜா ஒரு பக்கம் போகுது, பட்டன் ஒரு பக்கம் போகுது. போடறவன் கோணலாத்தான் நடக்கணும்.'

'தங்கச்சி வெளிநாடு போறாளாம்.'

'போகட்டுமே. நீதான் அவகூடப் பேசறதில்லையே.'

'பேசறதில்லைதான். அதுக்காகப் போயிடுவாளா?'

'நல்லா இருக்கு நியாயம். வீட்டுக்குள்ள வராதே, ஊரை விட்டும் போகாதேன்னா அவ எங்கதான் நிப்பா? பஸ் ஸ்டாப்புலயா?'

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு முதல் தடவை. சிரித்து முடித்ததும் ஏதோ திருடினது போல இருந்தது.

சாப்பிடுகிறேன். ஒருத்திக்குச் சமைக்கத் தெரியவில்லை, மிச்சமாகிவிடுகிறது. மறுநாள் அதையே சாப்பிடுகிறேன்.

அவர் போனை நான் இன்னும் அணைக்கவில்லை. கம்பெனி நம்பரை விட்டுவிட்டு நேராக அவருக்கே கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். போன வாரம் ஒரு அம்மா கூப்பிட்டாள். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம், மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிறாள். நான் என்ன செய்வேன்? அவர் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். 'பயப்படாதீங்கம்மா, காத்து வரும், மூச்சு முட்டாது. கதவைத் தள்ளாதீங்க. கீழ உக்காந்துக்குங்க. மணியை அழுத்தி விடுங்க' என்றேன். கம்பெனி நம்பரைக் கொடுத்தேன். 'அவர் வரமாட்டாரா? அவர்தான் நல்லாப் பார்ப்பார்' என்றாள். 'வேற ஆள் வருவாங்கம்மா' என்றேன். வெளியே வரும்வரைக்கும் அவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாருக்கு எழுதுவது?

ஒன்று செய். நீ விட்டுவிட்டுப் போகிற அந்த வேலையில் அப்படி என்னதான் புதுசாகச் செய்கிறீர்கள் என்று எழுது. டாக்டருக்குச் சொல்வது போல வேண்டாம், எனக்குச் சொல்வது போலச் சொல். சரி என்று சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த லிஃப்ட் அம்மா கதையை நாலு தடவை படித்தேன். அத்தானே பேசினது போல இருந்தது.

நீ கேட்டதை எழுதுகிறேன். அத்தான் கழுத்தில் இருந்தது நீ நினைப்பது போல வெளியே தெரிந்த அந்தத் துண்டு மட்டும் இல்லை. உள்ளே பெரிய ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குக் கிட்டே வரைக்கும் போய் நிற்கும். வீரியமான மருந்துகளைக் கை நரம்பு தாங்காது. அதனால் முதல் சில நாள் அது இல்லாமல் அத்தானைப் பிழைக்க வைத்திருக்கவே முடியாது. அதை நம்பு. ஆனால் மருந்து போகிற அதே வழியில் தோல் மேல் இருக்கிற கிருமியும் போகலாம். நேரே ரத்தத்துக்கு.

முன்பெல்லாம் அதைப் போடும்போது தொப்பி ஒரு அலமாரியில் இருக்கும், பெரிய துணி ஸ்டோரில் இருக்கும், ஸ்டோர் சாவி வேறு யாரிடமோ இருக்கும். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்துப் போட்டுவிடுவோம். இப்போது எல்லாம் ஒரே தள்ளுவண்டியில். போடுகிற டாக்டர் கையைக் கழுவி, தொப்பி, முகக்கவசம், கவுன், கையுறை எல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை சுத்தமான துணியால் மூட வேண்டும். கழுத்தை மருந்தால் தேய்த்துவிட்டு, அது தானாகக் காயும்வரை சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். ஒரு டாக்டர் குனிந்து ஊதிக் காயவைக்கப் பார்த்தார். 'பிறந்தநாள் கேக்கா சார்?' என்றார் பெரிய சிஸ்டர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்று பார்க்க வேண்டும். ஏதாவது விட்டுப்போனால் 'நிறுத்துங்க' என்று சொல்ல வேண்டும். டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். உத்தரவு வந்தாகிவிட்டது, வாய்தான் வரமாட்டேன் என்கிறது. ஒரு பெண் சொல்லப் பயந்து இருமிக்கொண்டே நின்றாள். 'உடம்பு சரியில்லைன்னா வீட்டுக்குப் போம்மா, பேஷண்ட்டுக்கு ஒட்டிக்கும்' என்று அவளை அனுப்பிவிட்டார் டாக்டர்.

போட்டதோடு முடியாது. மருந்து ஏற்றும் ஒவ்வொரு தடவையும் குழாயின் வாயைத் தேய்த்துத் துடைத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். மேலே போட்ட கட்டு ஓரத்தில் பிரிந்தால் உடனே மாற்ற வேண்டும். தினமும் காலையில் டாக்டர்கள் சுற்றி வரும்போது ஒவ்வொரு பெட்டிலும் நாங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'இன்னிக்கும் இந்தக் குழாய் வேணுமா?' வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ரத்தம் எடுக்க வசதி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடக் கூடாது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் ஆபத்துதான்.

எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது, அக்கா. இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதுதான் கஷ்டம்.

சிட்டு


மார்ச் 21

சிட்டு,

வசதிக்காக விடக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பெரிய மருந்தெல்லாம் நிறுத்தியாகிவிட்டது, சீக்கிரம் வார்டுக்கு மாற்றிவிடலாம் என்றார்கள். அன்றைக்கு ஒரு டாக்டர் வந்து, 'கழுத்துல இருக்கறதை எடுத்துடலாம், ரத்தம் வேணும்னா கையில குத்தி எடுத்துக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் என் விரலைப் பிடித்துக்கொண்டார். கயிற்றில் தொங்குகிற ஆளுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும், உனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக்குப் போய் மயங்கி விழுந்த மாப்பிள்ளை. கை இரண்டும் குத்திக் குத்தி நீலமாகக் கிடந்தது. நான் வெளியே வந்து உன்னைப் பிடித்தேன். 'இன்னும் குத்த வேணாம்னு சொல்லுடி. அந்தக் குழாய்லயே எடுத்துக்கட்டும். ரெண்டு நாள் இருந்தா என்ன கெட்டுப் போச்சு?' என்றேன். நீ உள்ளே போய்ப் பேசினாய். குழாய் இருந்தது.

அதற்கப்புறம்தான் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது, அந்தக் குளிர்.

நான் கேட்டதால்தானா?

எத்தனையோ பேர் தொட்டோம் என்றாய். என்னைச் சொல்லவில்லை. வெளியே போ என்று நான் கத்தினபோதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே வாயை மூடியிருப்பேன்.

பதில் எழுது. எனக்கு நோகாமல் எழுதுகிறேன் என்று சுற்றி வளைக்காதே.

அக்கா


மார்ச் 27

அக்கா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

கிருமி எந்த நாள், எந்தக் கையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முன்பே ஏறியிருக்கலாம். நீ கேட்டதால்தான் என்று சொன்னால் பொய். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். குழாய் தேவைக்கு மேல் இருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

ஆனால் நீ கேட்டது பெண்டாட்டியாக. கட்டினவனுக்கு வலிக்கக் கூடாது என்று கேட்பதில் என்ன தப்பு? 'இல்லைக்கா, எடுத்துடணும், நான் பக்கத்துல நிக்கறேன், ஒரே குத்துதான்' என்று சொல்ல வேண்டியவள் நான். அதற்குத்தான் இந்த உடுப்பு. அன்றைக்கு நான் நர்ஸாக உள்ளே போகவில்லை. உன் தங்கையாகப் போனேன். 'எங்க அத்தான் சார், ஊசின்னா ரொம்ப பயப்படறார்' என்றேன். 'ஓ, உங்க ஆளா? சரி, இருக்கட்டும்' என்றார்கள். பக்கத்துப் பெட்டில் இருந்தவருக்கு அதே நாள் எடுத்துவிட்டார்கள், அக்கா. அவருக்கு இங்கே யாரும் தெரிந்தவர்கள் இல்லை. அவர் நடந்து வீட்டுக்குப் போனார். தெரிந்த இடம், தங்கை இருக்கிறாள், நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றுதானே நீ அத்தானை அவ்வளவு தூரம் இங்கே கொண்டுவந்தாய்? நாங்கள் எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். பிரியத்தில்தான் செய்தோம்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நீ என்னைத் திட்டினால் நான் தாங்கிக்கொள்வேன். நான் தூரத்தில் இருக்கிறேன், எனக்கு வேலை இருக்கிறது. நீ உன்னையே திட்ட ஆரம்பித்தால் அந்த வீட்டில் உன்னோடு யார் இருக்கிறார்கள்?

டிக்கெட் வந்துவிட்டது. பதில் எழுது அக்கா. எதையாவது எழுது.

சிட்டு


ஏப்ரல் 15

சிட்டு,

உடனே எழுத முடியவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வேலைக்கும் போகவில்லை. பட்டன்காரி வந்து கதவைத் தட்டி, 'செத்துட்டியா இல்லையா, அதையாவது சொல்லு, உன் மெஷினை வேற ஆளுக்குக் கேக்கறாங்க' என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயை மூடிக்கொண்டு கேட்டது அது ஒரு தடவைதான். கடைசியில், 'போய்ப் பாத்துட்டு வாயேன், அதை எப்படித்தான் போடறாங்கன்னு. பாக்காததை நினைச்சுத்தான் பயப்படறே' என்றாள்.

கோபப்படாதே. நான் போன வாரம் உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உனக்கு லீவு எந்த நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நாளாகப் பார்த்துத்தான் வந்தேன். உன்னை அங்கே அந்த உடுப்பில் பார்த்தால் வந்த வேலையை விட்டுவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

ஐ.சி.யூ வாசலுக்கு வந்தேன். அந்த வெள்ளைக் கதவு, அந்த மருந்து வாசனை. பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். 'அந்தக் குழாயை எப்படிப் போடறீங்கன்னு பாக்கணும்' என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'உள்ள விடமுடியாதும்மா. ஆனா இன்னிக்கு மாடியில பொம்மை வெச்சுப் பழக்கறாங்க. ஓரமா உக்காந்து பாருங்க' என்றார்.

பொம்மைக்குக் கழுத்தும் மார்பும்தான் இருக்கிறது, கால் இல்லை. இருந்தாலும் கால் இருக்க வேண்டிய இடம்வரை துணி போட்டார்கள். ஒரு இளம் டாக்டர், நல்ல உயரம், நீ எழுதினபடி எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு ஒல்லிப் பெண். அவள்தான் இருமின பெண் என்று பெரிய சிஸ்டர் என் காதில் சொன்னார். டாக்டர் மருந்து தடவினார், காயும்வரை நின்றார், ஊசியை எடுத்தார். அப்போது மூக்குக் கண்ணாடி சரிந்தது. கையுறைக் கையால் அதைத் தள்ளிவிட்டார். நான் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பெண் இந்தத் தடவை இருமவில்லை.

'நிறுத்துங்க சார்.'

குரல் கிறீச்சென்று வந்தது. அவர் திரும்பி, 'என்ன?' என்றார்.

'கண்ணாடியைத் தொட்டுட்டீங்க.'

'பொம்மைதானேம்மா.'

'பொம்மைகிட்டயே நிறுத்தலைன்னா மனுஷங்ககிட்ட எப்படி சார் நிறுத்துவீங்க?'

யாரோ சிரித்தார்கள். அவரும் முகக்கவசத்துக்குள் சிரித்தார் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு மரியாதை குறையவில்லை, அவளுக்கு வேலை போகவில்லை. இவ்வளவுதானா என்று எனக்கு இருந்தது. எவ்வளவு சின்ன வார்த்தை. அதைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பயம். நான் அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. ஆனால் வீட்டில் வருகிற அழுகை மாதிரி இல்லை.

பெரிய சிஸ்டர் கீழே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். 'உங்க தங்கச்சி மாதிரி சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஆனா இதெல்லாம் எதுக்குன்னு யாராவது கேட்டா மட்டும் ஊமையாயிடுவா' என்றார். டீயைக் கீழே வைத்துவிட்டேன். ஊமையாக்கி வைத்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது.

அதனால் சொல்கிறேன். கூட்டத்தில் சொல்.

ஆனால் என்னை விட்டுவிட்டுச் சொல்லாதே. நான் உன்னைப் பிடித்துக் கேட்டதைச் சொல். நீ உள்ளே போய்ப் பேசினதைச் சொல். உங்க ஆளா, இருக்கட்டும் என்றதைச் சொல். இதை விட்டால் பாதிக் கதைதான். யாரோ ஒருத்தர் கை அழுக்கு, நம்ம கை சுத்தம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அடுத்த வாரமே இன்னொரு பெண்டாட்டி வந்து நான் கேட்டதையே கேட்பாள். நல்ல மனசோடுதான் கேட்பாள். அவளை விரட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து, முடியாதும்மா என்று சொல்ல அவர்களுக்குத் தெரிய வேண்டும். என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் முறைத்திருப்பேன். முறைத்துவிட்டு எடுக்க விட்டிருப்பேன்.

அவருக்கு ஊசி என்றால் பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர் அங்கே இருந்தால் அவரும்தான் சிரிப்பார்.

என்னை நான் திட்டிக்கொள்கிறேனா என்று கேட்பாய். திட்டிக்கொள்கிறேன். தினமும் இல்லை. நீயும் அதே பிரியத்தில்தான் போய்ப் பேசினாய் என்று நினைத்தால் கொஞ்சம் குறைகிறது. உன்னை மன்னிக்காமல் என்னை மட்டும் மன்னித்துக்கொள்ள வழி இல்லை. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

வெளியே போ என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வெளிநாடு போவது உன் இஷ்டம். பிடித்துப் போனால் போ, நானே வந்து ஏற்றி விடுகிறேன். என்னால் ஓடிப் போகாதே.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

சொன்னேன்.

எழுதி வைத்துக்கொண்டு போகவில்லை. லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் இருந்தார், எங்க அக்கா வீட்டுக்காரர், என்று ஆரம்பித்தேன். மயங்கி விழுந்த மாப்பிள்ளையைச் சொன்னபோது சிரித்தார்கள். நீ கேட்டதைச் சொன்னேன், நான் போய்ப் பேசினதைச் சொன்னேன். அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. 'உங்க ஆளா, இருக்கட்டும்' என்றார்கள் என்று மட்டும் சொன்னேன், யார் என்று சொல்லவில்லை. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பெரிய டாக்டர் எழுந்து நின்றார். 'அப்படிச் சொன்னது நான்தான். உடம்பு தாங்கலைன்னு அந்தம்மாகிட்ட சொன்னதும் நான்தான்' என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

முடிந்ததும் பெரிய சிஸ்டரிடம் போய், ராஜினாமாவை என்ன செய்வது என்று கேட்டேன். மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். மேலே அனுப்பவே இல்லையாம். 'ஸ்டேப்ளர்ல பின் தீர்ந்து போச்சு' என்றார். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

கைகழுவும் இடத்தில் பெரிய டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். ரொம்ப நேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், 'உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்க?' என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறாள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். 'தெரியலை சார். பாத்து நாளாச்சு. பாத்துட்டு வந்து சொல்றேன்' என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன்.

சிட்டு